ஐநூறுக்குள்ளே

மெயினை ஆஃப் பண்ணுனது நான்தான். ஸ்டூல் போட்டு ஏறி, சத்தம் வந்துரக் கூடாதேன்னு முந்தானையைச் சுத்திப் பிடிச்சு மெதுவா இறக்குனேன். கூலர் ஒரு இழு இழுத்து நின்னுச்சு. ஃபேன் வந்த வேகத்துல சும்மா நாலு சுத்து சுத்திட்டு அதுவும் நின்னுச்சு. அப்புறம் ஒண்ணும் தெரியாதவ மாதிரி கட்டில்கிட்ட வந்து, "கரண்ட் போயிருச்சுங்க"ன்னேன். கூசாம சொன்னேன். அவரு கண்ணைத் திறக்காமலே, "எப்ப வரும்?"னாரு. "வந்துரும், நீங்க படுங்க"ன்னேன். என்ன வாயி எனக்கு. கட்டுன புருசன்கிட்ட, அதுவும் ராத்திரி பூரா பஸ் ஓட்டிட்டு வந்து படுத்திருக்குற மனுசன்கிட்ட, கத்திரி வெயில் மண்டையைப் பிளக்குற மத்தியானத்துல. இப்ப கையில காலண்டர் அட்டையை வச்சுக்கிட்டு விசிறிக்கிட்டு இருக்கேன், பெரிய பத்தினி மாதிரி. அட்டையில வர்ற காத்தும் சூடாத்தான் இருக்கு. மேல மொட்டை மாடி, அதுக்கு மேல சூரியன், நடுவுல ஒண்ணுமே கிடையாது. ஓனர் வீடு காட்டும்போதே சொன்னாரு, மாடி வீட்டுக்கு வாடகை கம்மி, வெயில் ஃப்ரீன்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. நானும் சிரிச்சேன், வாடகை கம்மிங்குறது மட்டும் காதுல விழுந்துச்சு. கொஞ்ச நேரம்தான் வல்லி, கொஞ்ச நேரம், ரீடிங் எடுக்குறவங்க வந்து பாத்துட்டுப் போனதும் ஓடிப் போயி போட்டுரலாம். அடுத்த தெரு வரைக்கும் வந்துட்டாங்கன்னு கீழ் வீட்டு நாகரத்தினம் அக்கா சொல்லிட்டுப் போயிருக்கு. அடுத்த தெருன்னா எந்த மூலை, இந்த மூலையா அந்த மூலையான்னு கேட்டிருக்கணும், கேக்காம விட்டுட்டேன்.

ஐநூறு யூனிட். ரெண்டு மாசத்துக்கு ஐநூறுக்குள்ள நின்னுட்டா ஒரு பில்லு. ஐநூத்தி ஒண்ணுன்னு ஆயிருச்சு, அந்த ஒத்த யூனிட்டோட போகாது, முன்னாடி சல்லிசா எரிச்சதையும் சேத்துப் பிடிச்சு வேற விலை போட்டுத் தாக்கிரும். எங்க காம்பவுண்ட்ல கைக்குழந்தைக்கும் இது தெரியும். காலையில படிக்கு அடியில போயி மீட்டரைப் பாத்தேன். போன தடவை எண்ணைக் கழிச்சா சரியா ஐநூறு. இது இப்பத்தான் விழுந்த ஐநூறா, இல்ல ஐநூத்தி ஒண்ணா மாறப் போற ஐநூறா? அந்தச் சிவப்பு லைட்டு கண்ணடிச்சுக்கிட்டே இருக்கு, எனக்குத் தெரியும் உனக்குத் தெரியாதுங்குற மாதிரி. கூலர் ஓடுனா அடுத்த நிமிசமே விழலாம், சாயங்காலம் வரைக்கும் விழாமலும் இருக்கலாம். நடுவுல லீவு வந்து ரீடிங் நாள் தள்ளிப் போயிருச்சு, ரீடிங் எடுக்குறவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. குத்தம் வெயிலைத்தான் சொல்லணும். நான் என்ன விட்டா வச்சேன்? ஃப்ரிட்ஜ் நேத்தே நின்னாச்சு. மாவு பொங்கி வழிஞ்சு, அதை ஊத்துனா வாயெல்லாம் கூசுற புளிப்பு, அவரு அதையும் நாலு தோசை தின்னாரு. போனுக்கு சார்ஜ் அவரு பஸ்லயே ஏத்திட்டு வந்துருவாரு, என் போனையும் சேத்துக் குடுத்து விட்டேன். அயர்ன் பண்றதில்ல, சட்டையை ஈரத்தோட மடிச்சுப் பாய்க்கு அடியில வச்சுப் படுத்தா அது பாட்டுக்கு அயர்ன். பருப்பு பாதி வெந்ததும் கேஸை நிறுத்திட்டு மூடி போட்டுத் துணியைச் சுத்தி வச்சா மீதி தானா வெந்துக்கும். சோப்பு கரைஞ்சு சில்லாப் போனதை எல்லாம் ஒண்ணா அமுக்கிப் புதுச் சோப்பு பண்ணுவேன். பாப்பா ஹாஸ்டல்ல இருந்து வந்தா அதைப் பாத்துத் தலையில அடிச்சுக்குவா. "ஏம்மா, இதுல எத்தனை கலர் இருக்கு பாரு"ம்பா. சிரிடி, நல்லாச் சிரி. நர்ஸ் ஆயி சம்பளம் வாங்கி ஒத்தக் கலர் சோப்பா வாங்கிக் குளி. காம்பவுண்ட்ல எல்லாருக்கும் தெரியும், சுந்தரவல்லி பில்லு ஐநூறைத் தாண்டாதுன்னு. நாகரத்தினம் அக்கா வாயைப் பொளந்துக்கிட்டுக் கேக்கும், "எப்படித்தான் பிடிக்கிறியோ"ன்னு. அதைக் கேக்கும்போது எனக்கு ஒரு சந்தோசம் வரும் பாருங்க, காசு மிச்சமானது கூட அப்புறம்தான். சீ, அந்தச் சந்தோசத்துக்குத்தான் இந்த மனுசனை இப்படிப் போட்டு வேக வைக்கிறேனோ.

இல்ல. அதுக்கு இல்ல. போன கோடையில தாண்டிருச்சு. பில்லைப் பாத்துட்டு அவரு கத்தி இருந்தாக் கூட நான் பதிலுக்குக் கத்தி முடிஞ்சிருக்கும். கத்தவே இல்ல. சௌந்தரபாண்டின்னு பேரை வச்சுக்கிட்டு அந்த மனுசன் சண்டை போட்டு நான் பாத்ததில்ல. பில்லை மடிச்சு சட்டைப் பையில வச்சாரு, கூலரைப் பாத்தாரு, ப்ளக்கைப் பிடுங்கி வயரைச் சுத்தி அதுமேலயே வச்சாரு. அன்னையில இருந்து வெயில் அடங்குற வரைக்கும் பகல்ல வீட்டுல படுக்கவே இல்ல. ஷெட்டுல பஸ்ஸுக்கு அடியில துண்டை விரிச்சுப் படுத்துட்டேன், அங்கதான் குளுகுளுன்னு இருக்குன்னாரு. டீசல் நாத்தமும் கிரீஸுமா குளுகுளுவாம். கிளீனர் பயலுக பாட்டுப் போட்டுக்கிட்டுத் வண்டி கழுவுற இடத்துல எவன் தூங்குவான்? கண்ணு ரெண்டும் கோவப்பழமாத்தான் வருவாரு. நான் கெஞ்சுனேன், திட்டுனேன், சாப்பாடு குடுத்து விட மாட்டேன்னு மிரட்டுனேன். "ஐநூறுக்குள்ள வரட்டும், போடலாம்"னு அதையே சொன்னாரு. பிடிவாதம். அந்த வருசம் அந்தக் கோடை எப்படியோ போச்சு, சாமி புண்ணியம். இந்தக் கோடையும் அப்படியே போகும்னு யாரு எழுதிக் குடுத்தா? அதனாலதான் மெயினை இறக்குனேன். இன்னைக்கு ஒரு மத்தியானம் வெந்தா வேகட்டும், தாண்டாம இருந்தா மீதிக் கோடை பூரா நிம்மதியா கூலர்ல தூங்குவாருல்ல. கணக்கு சரிதானே? சரியாத்தான் இருக்கு. எனக்கு எல்லாக் கணக்கும் சரியாத்தான் வரும். கழுத்து மடிப்புல வேர்வை தேங்கி நிக்குது அவருக்கு. துண்டை நனைச்சுப் போடலாமா? போட்டா முழிச்சுருவாரா? தூங்குறாரா முதல்ல? மூச்சு ஒரே சீரா வரல, தூங்குற மூச்சுன்னா எனக்குத் தெரியாதா.

விராலிமலை. இந்தப் பேரை நினைக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன், நினைப்புதான் முந்திக்கிட்டு வருது. போன வாரம் ரசஞ்சோறு பிசைஞ்சுக்கிட்டே சொன்னாரு, "விராலிமலை தாண்டி ஒரு நிமிசம் கண்ணு அசந்துருச்சு வல்லி. முழிச்சுப் பாத்தா முன்னாடி லாரியோட பின் லைட்டு பக்கத்துல இருக்கு." அவ்வளவுதான் சொன்னாரு. அடுத்து, "அப்பளம் இருக்கா?"ன்னு கேட்டாரு. நான் அப்பளம் எடுத்து வச்சேன், ரசம் இன்னும் ஊத்தவான்னு கேட்டேன். படுக்கப் போனப்புறம்தான் உள்ள இறங்குச்சு. ஒரு நிமிசமா? ஒரு நிமிசம்னா அந்த வேகத்துல பஸ்ஸு எவ்வளவு தூரம் போகும்? சும்மா பேச்சுக்குச் சொன்ன நிமிசம், கண்ணு சிமிட்டுற நேரமாத்தான் இருந்திருக்கும். பக்கத்துலன்னா எவ்வளவு பக்கத்துல? கேக்கல. கேட்டா சொல்லிருவாரோன்னு பயந்துக்கிட்டுக் கேக்கல. உள்ள எல்லாரும் படுத்துத் தூங்குறவங்க, ஸ்லீப்பர் பஸ்ஸு அது. திரையை இழுத்து விட்டுக்கிட்டு, பிள்ளையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, காலையில கோயம்பேட்டுல முழிப்போம்னு தூங்குறாங்க. அத்தனை பேரும் தூங்கணும்னா இவரு முழிச்சிருக்கணும், இவரு முழிச்சிருக்கணும்னா பகல்ல இந்தக் கட்டில்ல தூங்கணும். அந்த அன்னைக்குப் பகல்ல கூலர் ஓடுச்சா? ஓடுச்சு. ஓடுச்சுன்னுதான் நினைக்கிறேன். அன்னைக்குத்தான் பாப்பாவுக்கு முறுக்கு சுட்டேன், அடுப்படிச் சூடு ஹாலுக்கு வரக் கூடாதுன்னு கதவைச் சாத்துனேன், அப்ப கூலர் சத்தம் கேட்டுச்சு. கேட்டுச்சா? இல்ல, முறுக்கு சுட்டது அதுக்கு முந்தின நாளு. அந்த அன்னைக்கு மீட்டரைப் பாத்துட்டு வந்து, இனிமே சிக்கனமா இருக்கணும்னு சொல்லி, பாதித் தூக்கத்துல இருக்கும்போது கூலரை நிறுத்திட்டு ஃபேனை மட்டும் ஓட விட்டேன். ஆமா. நான்தான் நிறுத்துனேன். வேர்த்துப் போயி எந்திரிச்சு உக்காந்து, சொம்புத் தண்ணியைக் கடகடன்னு குடிச்சுட்டு, என்னை ஒரு தடவை பாத்துட்டு மறுபடியும் படுத்தாரு. ஐயோ. மண்டைக்குள்ள இருக்குற கணக்கெல்லாம் பாழாப் போக.

கீழ மிக்ஸி ஓடுது. நாகரத்தினம் அக்கா வீட்டு மிக்ஸி, ரெண்டு வருசமா பேரிங் போயி கர்ருபுர்ருன்னு கத்துற சனியன், தெரு முனை வரைக்கும் கேக்கும். கரண்ட் போயிருச்சுன்னு சொன்னேனே! அடியே அக்கா, இப்பத்தானா உனக்குத் தேங்கா அரைக்கணும்? விசிறுற கை அப்படியே நின்னுச்சு எனக்கு. அவரு கண்ணைத் திறக்கல. உதடு மட்டும் அசையுது, "கீழ கரண்ட் இருக்கு போல"ங்குறாரு. "அவங்க ஃபேஸ் வேறங்க, நம்ம ஃபேஸ்ல மட்டும்தான் போயிருக்காம்." எப்படி வருது பாருங்க பொய்யி, தட்டுல வச்ச மாதிரி. "ம்"னாரு. ஒத்த 'ம்'. நம்புன 'ம்'மா, நம்பாத 'ம்'மா? இருவது வருசத்துக்கு மேல குடும்பம் நடத்தியும் அந்த 'ம்' எனக்குப் பிடிபடல. ஓடி ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. மிக்ஸியை நிறுத்திட்டு நாகரத்தினம் அக்கா வாசலுக்கு வந்துச்சு, நான் கையாலயே கேட்டேன், எங்க வந்துருக்காங்கன்னு. அக்காவுக்குச் சைகை எல்லாம் ஆகாது, தொண்டையைத் திறந்து, "சாப்பிடப் போயிருக்காங்களாம்டி, வந்துதான் நம்ம தெருவாம்"னுச்சு. சாப்பிடட்டும், அவங்களும் இந்த வெயில்ல வீடு வீடா ஏறி இறங்குறவங்கதானே. ஆனா எவ்வளவு நேரம் சாப்பிடுவாங்க? சாப்பிட்டுட்டு நிழல்ல கொஞ்சம் உக்காருவாங்க. உக்காந்தா எந்திரிக்க மனசு வராது. இங்க பகல் கரைஞ்சுக்கிட்டு இருக்கு. வெயில் சாய்ஞ்சா இவரு எந்திரிச்சுக் குளிச்சுக் கிளம்பணும். மிச்சம் இருக்குற பகல் எவ்வளவு? அதுல எவ்வளவு தூங்குனா விராலிமலை தாண்டும்?

திரும்பி வந்து பாத்தா, கால். வலது கால். மல்லாக்கப் படுத்திருக்காரு, இடது கால் மடங்கிக் கிடக்கு, வலது கால் மட்டும் நீண்டு, கட்டில் சட்டத்துல பாதத்தை வச்சு அழுத்துது. அழுத்திட்டு விடுது. மறுபடியும் அழுத்துது, இந்தத் தடவை குதிகால் மேல தூக்கி, தொடை நரம்பு புடைக்க, அப்படி ஒரு அழுத்து. கட்டிலே கிறீச்சுன்னு நகண்டுச்சு. எனக்கு ஒரு நொடி புரியல. என்னமோ இழுப்பு வந்துருச்சுன்னு பயந்துட்டேன். அப்புறம் புரிஞ்சது பாருங்க. பிரேக்கு. மனுசன் தூக்கத்துல பிரேக் பிடிக்கிறாரு. முன்னாடி அந்த லாரி இருக்கு, அந்தப் பின் லைட்டு கிட்ட வருது, நான் காலண்டர் அட்டையை வச்சுக்கிட்டு நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன். அடி சுந்தரவல்லி, உனக்கு அறிவிருக்கா? யாருக்கு மிச்சம் பிடிக்கிற? யாரை வச்சுக்கிட்டு மிச்சம் பிடிக்கிற? பில்லு ஏறுனா ஏறட்டும், பாலைப் பாதியா வாங்குறேன், ரேசன் எண்ணெயிலயே ஓட்டுறேன், கறிவேப்பிலையைக் கூட ஓசியில பறிச்சுட்டு வர்றேன், எங்கயாவது பிடிச்சு இழுத்துக்குவேன், இழுக்கத் தெரியாதா எனக்கு. இந்த ஆளைத் திரும்ப எங்க போயி வாங்குறது? ஸ்டூலைத் தேடுறேன், ஸ்டூல் அங்கயே இருக்கு, கண்ணுக்குத் தெரியல. கண்ணுல தண்ணி. ஏறி, முந்தானையும் சுத்தல ஒண்ணும் சுத்தல, மெயினை டக்குன்னு தூக்கி விட்டேன். கூலர் திடும்னு எந்திரிச்சுக் கத்துச்சு. ஃபேன் சுத்துச்சு.

ஈரக் காத்து அவரு மேல பட்டதும் உடம்பு ஒரு தடவை சிலிர்த்துச்சு. கண்ணைத் திறந்தாரு. செவசெவன்னு இருக்கு ரெண்டும். என்னைப் பாத்தாரு, ஸ்டூல் மேல நிக்கிறவளை, மெயின்ல கை வச்சபடி. அவரே கேட்டாரு. "ரீடிங் எடுத்துட்டாங்களா?"ன்னாரு. கரண்ட் வந்துருச்சான்னு கேக்கல. ரீடிங் எடுத்துட்டாங்களான்னு கேக்குறாரு! அப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் கிடந்துருக்காரு. நான் முந்தானையைச் சுத்துனது, ஃபேஸ் வேறன்னது, எல்லாம் தெரிஞ்சு, எனக்காக வாயை மூடிக்கிட்டு வெந்துருக்காரு. எனக்காகவா, ஐநூறுக்காகவா? ரெண்டும்தான், இந்த வீட்டுல ரெண்டும் ஒண்ணுதான். எடுக்கலன்னு சொன்னா அடுத்து என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். எந்திரிப்பாரு, என்னைத் தள்ளி நிக்கச் சொல்லுவாரு, அவரு கையாலயே இறக்கிட்டு வந்து படுப்பாரு. "எடுத்துட்டாங்க"ன்னேன். "எவ்வளவு?" "ஐநூறு. சரியா ஐநூறு. தாண்டல." "நெசமாவா?" "உங்க மேல சத்தியமா"ன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு, அதை மட்டும் முழுங்கிட்டேன். "பின்ன எதுக்கு நான் மெயினைப் போடப் போறேன்? பேசாமத் தூங்குங்க"ன்னு ஒரு அதட்டு அதட்டுனேன். சிரிச்சாரு. சின்னப் பிள்ளை மாதிரி, பல்லெல்லாம் தெரிய. "கெட்டிக்காரிடி நீ"ன்னாரு. அப்படியே சுவத்துப் பக்கம் திரும்புனாரு, தலையணையை இழுத்துக் கழுத்துக்குக் குடுத்தாரு. நான் ஸ்டூலை விட்டு இறங்குறதுக்குள்ள குறட்டை வந்துருச்சு.

மெசேஜ்! பில்லு மெசேஜ் அவரு நம்பருக்குத்தான் வரும். ரீடிங் எடுத்த கையோட டிங்குன்னு வந்து விழும், தலைமாட்டுலயே வச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு போனை. மெல்லப் போயி, தலையணை நுனியை விரலால தூக்கி, போனை உருவி எடுத்தேன். சத்தத்தைக் குறைச்சு இடுப்புல சொருகிட்டு, கதவை ஒருக்களிச்சு வச்சுட்டுப் படி இறங்குனேன். படிக்கு அடியில கடைசிப் படியில உக்காந்து மீட்டரைப் பாத்துக்கிட்டே இருந்தேன். காலையில கண்ணடிச்ச லைட்டு இப்ப வேக வேகமா அடிக்குது. இன்னும் ஐநூறுதான். வந்துருங்க தாயி, இப்ப வந்துருங்க, இந்த நிமிசம் வந்தாக் கூடப் போதும், சொன்ன பொய்யி உண்மையாயிரும். வாசலைப் பாக்குறேன், மீட்டரைப் பாக்குறேன். வாசலைப் பாக்குறேன். திரும்பிப் பாத்தப்ப கடைசி எண் மாறி இருந்துச்சு. எப்ப மாறுச்சுன்னே தெரியல, ஒரு சத்தம் கித்தம் ஒண்ணும் கிடையாது. அழுகை வரும்னு நினைச்சேன், வரல. எந்திரிச்சுப் போயி நிறுத்தணும்னும் தோணல. அப்படியே உக்காந்திருந்தேன், வெயில் வாசப்படியை விட்டு இறங்குற வரைக்கும்.

குடையை மடக்கிக்கிட்டு ஒரு பொண்ணு உள்ள வந்துச்சு. கழுத்துல கார்டு, கையில மிஷினு, முகமெல்லாம் கருத்துப் போயி. குனிஞ்சு மீட்டரைப் பாத்துட்டு, எண்ணை அமுக்கிட்டு, "ச்சொ"ன்னுச்சு. "ஐநூத்தி ஒண்ணு, அக்கா. ஒத்த யூனிட்ல போச்சே! கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சிருக்கக் கூடாதா? எல்லா வீட்டுலயும் அதைத்தான் பண்றாங்க"ன்னு உண்மையிலயே வருத்தப்பட்டுச் சத்தமாச் சொல்லுச்சு. இடுப்புல போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்குச்சு. எடுத்தேன், என்ன போட்டிருக்குன்னு படிக்கக் கூட இல்ல, அழிச்சுட்டு மறுபடியும் சொருகுனேன். மேல இருந்து குறட்டை படி வரைக்கும் வருது. அந்தப் பொண்ணு தலையைத் தூக்கிப் பாத்துச்சு. "யாருக்கா அது, இந்தப் போடு போடுறாரு?"

"இன்னைக்கு ராத்திரி சென்னைக்குப் பஸ் ஓட்டுறவரு"ன்னேன். "மெதுவாப் பேசும்மா."